இரைப்பை இல்லாத மீனுக்கு இரையிடுவது எப்படி?

சங்கத்தின் பொறுப்பில் குத்தகைக்கு எடுத்த குளங்களிலும், சொந்த நிலத்தில் வெட்டிய பண்ணைக்குட்டைகளிலும் கெண்டை மீன் வளர்க்கும் அங்கத்தினர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. தவிடும் பிண்ணாக்கும் குறைவின்றிப் போட்டும் மீன் எதிர்பார்த்த அளவுக்குப் பருக்காதது ஏன் என்பதே அது. குஞ்சுகள் நல்லவையல்ல என்று சிலரும், நீர் சரியில்லை என்று சிலரும் காரணம் கூறுவர். அவையும் உண்மையாக இருக்கலாம். ஆயினும் பல இடங்களில் நாம் கவனியாது விட்டுவிடுவது மீனின் வயிற்றையே. மீன் வளர்ப்பில் ஆகும் செலவில் பாதிக்கு மேல் தீனிக்கே போய்விடுகிறது. கடன் வாங்கிப் போட்ட அந்தப் பணம் மீனின் உடலில் சேருகிறதா, குளத்தின் அடிச்சேற்றில் சேருகிறதா என்பது அதன் ஜீரண உறுப்புகளையும், அவற்றை அறிந்து நாம் இரையிடும் முறையையும் பொறுத்தது. ஆகவே அவ்வுறுப்புகளின் அமைப்பையும் வேலையையும் இங்கே சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் அறிய வேண்டுவது இது. மாட்டுக்கு நான்கு அறைகள் கொண்ட வயிறு உண்டு. கோழிக்குத் தானியத்தைச் சிறுகற்களோடு சேர்த்து அரைக்கும் பை உண்டு. நமக்கும் ஓர் இரைப்பை உண்டு. ஆனால் கட்லா, ரோகு, மிர்கால், சாதாக்கெண்டை, புல்கெண்டை, வெள்ளிக்கெண்டை ஆகிய நம் குளத்து மீன்கள் ஒன்றுக்கேனும் இரைப்பை கிடையாது. அறுத்துப் பார்ப்பவர்கள், "தொண்டைக்குக் கீழே பை போல ஒன்று பருத்துக் காணப்படுகிறதே!" என்று கேட்கக்கூடும். அது இரைப்பையன்று, குடலின் முற்பகுதி சற்று விரிந்து நிற்பதே. இரைப்பை என்றால் அதன் சுவரில் அமிலம் சுரக்க வேண்டும். அந்த அமிலத்தில் புரதத்தை அறுக்கும் பெப்சின் என்னும் நொதிப்பொருள் வேலை செய்ய வேண்டும். கெண்டையின் உடலில் இவ்விரண்டும் இல்லை. கெண்டைகள் மட்டுமின்றி, கடலில் வாழும் கிளிமீன், பேத்தை மீன் முதலியவற்றுக்கும் இரைப்பை இல்லை. எனவே இது ஏதோ ஓர் இனத்தின் குறை என்று எண்ண வேண்டுவதில்லை. இருப்பினும், இந்த ஒரு வேறுபாட்டினால் இரையிடும் முறை முழுவதும் மாறிவிடுகிறது.

இரை செல்லும் வழியை இனி வாயிலிருந்தே தொடங்கிப் பார்ப்போம். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். அது நீரின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணிய பிராணிகளை உண்ணும். ரோகுவின் உதடுகள் ஓரத்தில் தொங்கல் வைத்தாற்போல் இருக்கும். அது நடுநீரில் பாசியையும் மட்கிய இலைதழைகளையும் சுரண்டித் தின்னும். மிர்கால் அடியில் மேயும். சாதாக்கெண்டை சேற்றைக் கிளறி, வாய் நிறைய அள்ளி, அதிலிருந்து இரையை மட்டும் பிரித்துக்கொண்டு மண்ணை உமிழ்ந்துவிடும். இவ்வாறு பிரிப்பதற்கென்றே அதன் அண்ணத்தில் சுவை அறியும் மொட்டுகள் நிறைந்த தசைமெத்தை ஒன்று இருக்கிறது.

நெசவாளர் அங்கத்தினர்களுக்குச் செவுள் முட்களின் அமைப்பு எளிதில் விளங்கும். தறியில் அச்சுப் பற்களின் நெருக்கத்தைப் பார்த்தே எவ்வளவு நயமான துணி நெய்யலாம் என்று அவர்கள் சொல்லிவிடுவர். அதுபோலவே, செவுள் வளைவின் உட்புறத்தில் வரிசையாக நிற்கும் முட்களின் நெருக்கத்தைக் கொண்டு அம்மீன் எவ்வளவு நுண்ணிய இரையை வடித்தெடுக்கும் என்று கூறிவிடலாம். கட்லாவின் செவுள் முட்கள் நீண்டும் நெருங்கியும் இருக்கும். வெள்ளிக்கெண்டையின் முட்களோ ஒன்றோடொன்று இணைந்து, கடற்பஞ்சு போன்ற தகடாகவே ஆகிவிட்டன. நீரைப் பச்சையாகக் காட்டும் நுண்பாசியையும் அது வடித்துக்கொள்ளும். இத்தகைய வடிகட்டியைப் பெற்ற மீனுக்குப் பெரிய உருண்டைத் தீனியால் பயன் சிறிதே.

கெண்டையின் தாடையில் பற்கள் இல்லை. பற்கள் தொண்டையில் இருக்கின்றன. கடைசிச் செவுள் வளைவு எலும்பாகி, அதன் மேல் பற்கள் முளைத்து, மண்டையோட்டின் அடியிலுள்ள கெட்டியான ஒரு திண்டின் மேல் இரையை வைத்து நசுக்குகின்றன. ஒன்று அம்மியெனில் மற்றது குழவி. சாதாக்கெண்டையின் தொண்டைப் பற்கள் நம் கடைவாய்ப் பற்களைப் போல் தட்டையானவை; நத்தை ஓட்டையும் தானியத்தையும் உடைக்க வல்லவை. புல்கெண்டையின் பற்களோ அரிவாள் விளிம்பைப் போல் ரம்பமாக இருக்கும். அவை புல்லை அறுத்துக் கிழிக்கும். அமிலத்தில் ஊறவைத்து இளக்குவதற்கு இரைப்பை இல்லாத குறையை ஓரளவு ஈடுசெய்வது இந்த அரைவையே.

அரைபட்ட இரை குறுகிய உணவுக்குழல் வழியே குடலின் முற்பகுதிக்கு வருகிறது. அங்கே பித்தப்பையிலிருந்து பித்தநீரும், கணையத்திலிருந்து ஜீரண ரசமும் வந்து கலக்கின்றன. நம் உடலில் கணையம் தனி உறுப்பு. கெண்டையில் அது ஈரலுக்குள்ளும் குடலின் மடிப்புகளுக்கிடையிலும் சிதறிக் கிடப்பதால், மீனை அறுக்கும்போது கண்ணுக்குத் தட்டுப்படாது. அதன் ரசத்தில் புரதத்தை அறுக்கும் டிரிப்ஸின், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் அமிலேஸ், கொழுப்பைப் பிளக்கும் லைபேஸ் ஆகியவை உள்ளன. பித்தநீர் கொழுப்பைச் சிறுசிறு திவலைகளாக உடைத்துத் தருகிறது. குடல் முழுவதும் அமிலமின்றிச் சற்றே காரத்தன்மை கொண்டிருக்கும். டிரிப்ஸினுக்கு அதுவே ஏற்ற இடம். இவ்வாறு கரைந்த சத்து, குடற்சுவரின் மடிப்புகள் வழியே இரத்தத்தில் சேருகிறது.

குடலின் நீளம் இனத்துக்கு இனம் மாறும். விரால் மீன் பிற மீன்களைத் தின்பது. அதன் குடல் உடலின் நீளத்தைவிடக் குறைவு. ரோகுவை அறுத்தால், குலைந்த நூற்கண்டு போலச் சுருண்டு கிடக்கும் குடலைக் காணலாம். நீட்டிப் பார்த்தால் மீனின் நீளத்தைப் போல் பல மடங்கு இருக்கும். பாசியும் மட்கிய தழையும் சத்துக் குறைந்தவை. அவற்றிலிருந்து சாரத்தை எடுக்க நீண்ட பாதை வேண்டும். விந்தை யாதெனில், புல்லையே தின்னும் புல்கெண்டையின் குடல் உடலின் இரண்டு மடங்கை ஒட்டியதே. அதன் விளைவைப் பின்னர்ப் பார்ப்போம். ரோகுவின் குஞ்சுக்கும் தொடக்கத்தில் குடல் குட்டையாக, ஏறக்குறைய நேராகவே இருக்கும். அது வளர வளரத்தான் நீண்டு சுருள்கிறது. நாற்றங்கால் குளத்தில் குஞ்சுகளை விடுமுன் எருவிட்டு நுண்பிராணிகளைப் பெருக்க வேண்டும் என்று வலியுறுத்தப்படுவதன் காரணம் இதுவே. அந்தப் பருவத்தில் வெறும் தவிட்டைக் கொண்டு குஞ்சைக் காப்பாற்ற முடியாது.

இனி, இரைப்பை இல்லாமையின் பலனைக் கவனிப்போம். இரைப்பை ஒரு களஞ்சியம். ஒரே வேளையில் நிறைய விழுங்கி, அங்கே வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாகக் குடலுக்கு அனுப்ப அது உதவுகிறது. களஞ்சியம் இல்லாதவன் அன்றாடம் வாங்கி அன்றாடம் உண்ண வேண்டியவன். கெண்டையின் நிலை அதுதான். இயற்கையில் அது பகல் முழுவதும் மேய்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்குரிய தீனியை ஒரே வேளையில் கரையில் நின்று கொட்டினால், குடல் கொண்ட அளவே உள்ளே போகும். அதிலும், முன்னதைப் பின்னது தள்ளுவதால் அரைகுறையாக ஜீரணித்த இரை வெளியேறிவிடும். மிச்சம் நீரில் ஊறி அடியில் தங்கி அழுகும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். அரைக் கிலோ எடையுள்ள ஆயிரம் மீன்கள் ஒரு குளத்தில் இருந்தால் மொத்த எடை 500 கிலோ. நூற்றுக்கு இரண்டு பங்கு என்று கொண்டால் அன்றைய தீனி 10 கிலோ. இதைக் காலையில் ஒரே முறையாக வீசுவதற்கும், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து இடுவதற்கும் செலவில் வேறுபாடு இல்லை; பலனில் வேறுபாடு உண்டு. ஆந்திரத்தில் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள குளங்களில் இதற்கு நல்ல உபாயம் ஒன்றைக் கையாளுகிறார்கள். சாக்குகளில் துளையிட்டு, தவிட்டை நிரப்பி, குளத்தில் நட்ட மூங்கில்களில் நீருள் தொங்குமாறு கட்டிவிடுகிறார்கள். மீன்கள் துளையண்டை வந்து, வேண்டும்போது வேண்டிய அளவு உறிஞ்சித் தின்கின்றன. களஞ்சியம் மீனின் வயிற்றில் இல்லாவிட்டால் என்ன, குளத்திலேயே தொங்கட்டும் என்ற இந்த யுக்தியை நாம் மெச்சுகிறோம். சாக்குக் கட்ட இயலாதவர்கள் தீனித்தட்டை நீருள் இறக்கி, இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் போதும். மிச்சமிருந்தால் மறுநாள் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

அளவைப் போலவே தீனியின் பக்குவமும் முக்கியம். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம எடையில் கலந்து இடுவது நெடுநாளைய வழக்கம். அது நல்ல வழக்கமே. பிண்ணாக்கைக் கட்டியாகப் போடாமல் இடித்து, ஊறவைத்து, பிசைந்து இடுதல் நலம். மாவுப்பொருள்களை வேகவைத்தால் அமிலேஸ் அவற்றை எளிதில் கரைக்கும். சோயா மொச்சையைப் பச்சையாக அரைத்து இடுவது வீண். டிரிப்ஸினின் வேலையைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. பெப்சின் இல்லாத கெண்டைக்கு டிரிப்ஸினே பெரிய துணை. அதையும் கட்டிப்போட்டுவிட்டால் புரதம் புரதமாகவே வெளியேறும். நன்கு சூடேற்றினால் அத்தடை நீங்கும்.

பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நூலைத் தரும் செடியே தீனியும் தருகிறது என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தரலாம். ஆனால் அதில் காசிப்பால் என்னும் மஞ்சள் நிற நச்சுப்பொருள் இருக்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் நடைபெறும் நொதிப்பில் அதன் வேகம் பெரிதும் அடங்கிவிடுவதால் வளர்ந்த மாடு அதைத் தாங்குகிறது. மீனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மாடு தின்று கொழுக்கிறதே என்று அதே அளவு மீனுக்கும் இடுவது தவறு. பிற பிண்ணாக்கோடு சிறு பங்காகக் கலப்பதற்கு மேல் போகலாகாது.

எலும்புக்குரிய பாஸ்பரஸ் சத்திலும் இதே கதைதான். எலும்புத்தூளைக் கரைக்க அமிலம் வேண்டும். கெண்டையின் குடலில் அது இல்லை. தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம். ஆனால் அதில் பெரும்பகுதி பைட்டிக் அமிலத்தோடு பிணைந்திருப்பதால், பூட்டிய பெட்டியிலுள்ள பணம் போல மீனுக்குப் பயன்படாது. நீரில் எளிதில் கரையும் மோனோகால்சியம் பாஸ்பேட்டைச் சிறிது தீனியில் கலந்தால், அதை மீன் நன்றாக ஏற்கும்.

பட்டுநூல் எடுக்கும் தொழிலுக்கும் கெண்டை வளர்ப்புக்கும் பழைய உறவு உண்டு. தென்சீனத்தில் குவாங்டுங் மாகாணத்து முத்தாற்றுக் கழிமுகத்தில், குளத்தங்கரை முழுதும் முசுக்கொட்டை வைத்து, இலையைப் பட்டுப்புழுவுக்கும், புழுவின் எச்சத்தையும் கூடு அவித்தபின் எஞ்சும் கூட்டுப்புழுவையும் மீனுக்கும், குளத்துச் சேற்றை மீண்டும் முசுக்கொட்டைக்கும் இட்டு வந்தார்கள். உலர்ந்த கூட்டுப்புழுவில் பாதிக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. ஜப்பானியரும் கெண்டைக்கு அதையே விரும்பி இட்டனர். ஆனால் அதில் எண்ணெயும் மிகுதி; நாள்பட்டால் அது சிக்குவாடை கொள்ளும். அத்தகைய பழைய புழுவையே தின்று வளர்ந்த ஜப்பானியக் கெண்டைகளுக்கு முதுகுத் தசை கரைந்து, முதுகு கத்தி போல் மெலியும் நோய் கண்டது. கெட்டுப்போன எண்ணெய், வைட்டமின் ஈ என்னும் சத்தை அழிப்பதே அதற்குக் காரணம் என்று 1960-களில் அங்கு நடந்த ஆராய்ச்சிகள் காட்டின. ஆகையால், நூல் எடுக்கும் இடங்களிலிருந்து கூட்டுப்புழு வாங்குவோர் அன்றன்று வாங்கி இடுக. அல்லது எண்ணெய் நீக்கி உலர்த்தியதை வாங்குக. மலிவாகக் கிடைக்கிறதென்று மூட்டைகளை அடுக்கி வைப்பது ஆபத்து. சிக்குப்பிடித்த தவிட்டுக்கும் இது பொருந்தும்.

இரைப்பை உள்ள மீன்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். விராலுக்கு நல்ல இரைப்பை உண்டு. அதனால் அது ஒரு பெரிய இரையை விழுங்கிவிட்டு நெடுநேரம் சும்மா இருக்க முடிகிறது. உவர்நீர் மீன்களான மடவைக்கும் பால்கெண்டைக்கும் கோழியைப் போல அரைக்கும் தசைப்பை இருக்கிறது. பால்கெண்டை பெயரளவில் மட்டுமே கெண்டை. திலேப்பியாவின் இரைப்பையில் சுரக்கும் அமிலமோ மிகக் கடுமையானது. வேறு பல மீன்களால் ஜீரணிக்க இயலாத நீலப்பச்சைப் பாசியின் சுவரை அது சிதைத்துவிடுகிறது. ஆகவே ஒரு மீனுக்கு இடும் முறையை மற்றொன்றுக்கு அப்படியே கொண்டுபோகலாகாது.

புல்கெண்டையின் குட்டைக் குடலைப் பற்றி மேலே குறிப்பிட்டோம். ஹாங்காங்கிலிருந்து இம்மீனும், ஜப்பானிலிருந்து வெள்ளிக்கெண்டையும் 1959-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. வேலம்பாசியையும் புல்லையும் புல்கெண்டை ஓயாமல் தின்னும். ஆயினும் இலையின் நாரை ஜீரணிக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. இரையும் குடலில் சில மணி நேரமே தங்குகிறது. தின்றதில் ஏறக்குறைய பாதி, அரைத்த தழையாகவே வெளியேறுகிறது. இதனை நஷ்டம் என்று கருத வேண்டா. அரைபட்ட தழையில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அதை மிர்காலும் சாதாக்கெண்டையும் உண்கின்றன. கரைந்த உரத்தில் பாசி வளர, அதை வெள்ளிக்கெண்டை வடிக்கிறது. பாசியைத் தின்னும் நுண்பிராணிகளைக் கட்லா பிடிக்கிறது. ஒரு மீனின் குடலில் முடியாத ஜீரணம் குளத்தில் தொடர்ந்து, வேறு மீன்களின் குடலில் முடிகிறது. பல இனங்களைச் சேர்த்து வளர்க்கும் கூட்டுமீன் வளர்ப்பின் ஆதாரம் இதுவே. கூட்டுறவுக்காரர்களாகிய நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டுவதில்லை!

மீன் குளிர்ந்த இரத்தப் பிராணி. நீரின் உஷ்ணமே அதன் உஷ்ணம். 25 முதல் 30 டிகிரி வரையுள்ள நீரில் அதன் ஜீரணம் துரிதமாக நடக்கும். நீர் குளிரக் குளிர நொதிகளின் வேலை தளரும். குளிர்நாடுகளில் மேலே பனி உறைந்திருக்கும்போது கெண்டை ஏறக்குறையப் பட்டினியாகவே காலம் கழிக்கிறது. நம் சமவெளியில் அத்தகைய குளிர் இல்லையெனினும், மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் வழக்கமான அளவை வீசுவது வீணே. வெயில் ஏறி நீர் சற்றுச் சூடான பின் இடுவதே முறை.

விடியற்காலையைத் தவிர்க்க மற்றொரு காரணமும் உண்டு. இதில் தவறினால் ஒரே நாளில் குளம் முழுவதையும் இழக்க நேரிடும். உண்ட இரையை ஜீரணிக்க மீனுக்கு அதிகப் பிராணவாயு தேவை. இரவெல்லாம் பாசியும் மீனும் சேறும் பிராணவாயுவைச் செலவழித்துவிடுவதால், விடியுமுன் நீரில் அது மிகக் குறைந்திருக்கும். அப்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, பசி என்று எண்ணிப் பிண்ணாக்கைக் கொட்டுவோர் உண்டு. அது பசியன்று, மூச்சுத்திணறல். அந்நேரத்தில் தேவை புதுநீரும், நீரைக் கலக்கி விடுதலுமே. பல நாள் மூட்டமாக இருந்தால் தீனியைப் பாதியாகக் குறைப்பதும், தேவையானால் நிறுத்துவதும் நல்லது. ஒரு நாள் பட்டினியால் கெண்டை சாகாது. மிஞ்சிய புரதம் அழுகினாலும், ஜீரணித்த புரதத்தின் கழிவு செவுள் வழியே வெளியேறினாலும் நீரில் சேருவது அம்மோனியாவே. அது மிகுந்தால் மீன் இரை எடுப்பதையே நிறுத்திவிடும்.

பிடிக்கும் நாளிலும் குடலை மறக்கலாகாது. மீன் இறந்த பிறகும் அதன் ஜீரண ரசங்கள் ஓய்வதில்லை. குடலில் இரை நிறைந்திருக்கும்போது பிடித்த மீனில் அந்த ரசங்கள் மிகுந்திருந்து, குடற்சுவரையும் வயிற்றுச் சதையையும் கரைக்கத் தொடங்குகின்றன. சந்தைக்குப் போய்ச் சேருமுன்னே வயிறு இளகி வெடித்துவிடுகிறது. வலை போடுவதற்கு முன் ஒரு நாள் தீனியை நிறுத்தினால் குடல் காலியாகும். உயிரோடு கொண்டுபோகும் மீன் பாத்திரத்து நீரைக் கெடுக்காது. ஐஸ் வைத்து அனுப்பும் மீனும் கூடுதல் நேரம் கெடாமல் இருக்கும். அந்த ஒரு நாள் தீனிச் செலவும் மிச்சம்.